நான்கு தங்கம் உண்டு, நான்கு குன்றுகள் கோப்பை இல்லை: சிமோன் அம்மானை எங்கே வைப்பது?

வெண்பனி எழுதியது:

குளிர்கால விளையாட்டுகளைத் தொடர்ந்து கவனிக்கும் நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்குத் தாண்டல் வீரர் (சரிவில் சறுக்கி வந்து காற்றில் பறந்து தூரம் தாண்டும் விளையாட்டு) சிமோன் அம்மான், 2002இல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் சிறிய குன்று, பெரிய குன்று என்னும் இரண்டு தனிநபர்ப் போட்டிகளையும் வென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2010இல் வான்கூவரிலும் அதே இரண்டையும் வென்றார். பனிச்சறுக்குத் தாண்டலில் நான்கு தனிநபர் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர் அவர் ஒருவரே. ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தனிநபர்த் தங்கம் என்பதை ஆண்களில் அவருக்கு முன் செய்தவர் 1988இல் பின்லாந்தின் மட்டி நிக்கானென். பின்னர் செய்தவர் 2014இல் போலந்தின் கமில் ஸ்டோக். இருமுறை செய்தவர் வேறு எவருமில்லை.

ஆனால் இந்த விளையாட்டை ஆண்டு முழுவதும் பார்ப்பவர்களிடம் பேசினால், எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர் என்று அம்மானின் பெயரை முதலில் சொல்பவர்கள் குறைவு. பருவம் முழுவதும் பல ஊர்களில் நடக்கும் உலகக் கோப்பைப் போட்டிகளில் அவர் பெற்ற வெற்றிகள் 23. நிக்கானெனுக்கு 46, ஆஸ்திரியாவின் கிரெகோர் ஷ்லீரென்ட்சாவருக்கு 53. பருவம் முழுவதற்குமான ஒட்டுமொத்தக் கோப்பையை அம்மான் ஒரே ஒருமுறை, 2009–10 பருவத்தில் வென்றார். ஆண்டு இறுதியிலும் புத்தாண்டிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடக்கும் நான்கு குன்றுகள் தொடரை அவர் ஒருபோதும் வெல்லவில்லை. இந்த விளையாட்டுக்குள் இருப்பவர்கள் அத்தொடரை ஒலிம்பிக்குக்கு நிகராகவே மதிக்கிறார்கள் என்பதால் இந்தக் குறை சிறியதன்று.

இரண்டு வாரங்கள் மட்டும் உச்சத்தில் இருந்தவர் என்று அவரைச் சுருக்கிவிடுவது நியாயமா, அல்லது தேவையான நாளில் உச்சத்தில் இருப்பதுதான் இந்த விளையாட்டின் உள்ளடக்கமா? எண்களோடு பேசக்கூடியவர்கள் எழுதினால் மகிழ்வேன்.

அல்ப்ஸ்வாசி எழுதியது:

வெண்பனி அண்ணா, நான் இருக்கும் செயின்ட் காலன் மாநிலத்தில்தான் டோகன்பர்க் பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதால் அம்மானைப் பற்றிய பேச்சு இங்கே ஓய்வதே இல்லை. அவர் 1981 ஜூன் மாதம் கிராப்ஸ் என்னும் ஊரில் பிறந்து, அப்பள்ளத்தாக்கின் உண்டர்வாசர் கிராமத்தில் விவசாயக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தவர். பக்கத்துக் கிராமமான வில்ட்ஹவுஸ், வால்டர் ஸ்டைனரின் ஊர். மரச்சிற்பக் கலைஞரான ஸ்டைனர், 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் பெரிய குன்றில் வெள்ளி வென்றார். போலந்தின் வோய்செக் ஃபோர்த்துனாவிடம் அவர் தங்கத்தை இழந்தது 0.1 மதிப்பெண்ணில். அதன்பின் முப்பது ஆண்டுகள் சுவிட்சர்லாந்து காத்திருந்த தங்கத்தை, அதே பள்ளத்தாக்கின் இருபது வயதுப் பையன் கொண்டுவந்தார் என்பதை இங்கே யாரும் மறப்பதில்லை.

2002ஐ வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களை நானும் அறிவேன். அவ்வாண்டு பிப்ரவரி வரை அவர் ஓர் உலகக் கோப்பைப் போட்டியைக்கூட வென்றதில்லை என்பது உண்மை. முதல் வெற்றி ஒலிம்பிக்குக்குப் பின், மார்ச் மாதம் ஓஸ்லோவில்தான் வந்தது. ஆனால் அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே அவர் வெற்றி மேடையில் நின்றிருக்கிறார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜனவரியில் ஜெர்மனியின் வில்லிங்கனில் மோசமாக விழுந்து, தலையில் அதிர்ச்சியும் முதுகில் காயமும் ஏற்பட்டு, போட்டிகளிலிருந்து விலகியிருந்தார். அந்த இடைவெளியால்தான் உலகம் அவரை மறந்ததே தவிர, அவர் எங்கிருந்தோ திடீரென முளைத்தவர் அல்லர். நாகானோவில் 1998இலேயே, பதினாறு வயதில், ஒலிம்பிக்கில் தாண்டியவர்.

வட்டக் கண்ணாடியைப் பார்த்து அமெரிக்கத் தொலைக்காட்சிகள் அவரை ஒரு மாயவித்தைக்காரச் சிறுவனோடு ஒப்பிட்டு மகிழ்ந்தன. அந்த விளம்பரம் அவருக்கு நன்மை செய்ததா என்பதில் எனக்கு ஐயமுண்டு. தாண்டிய விதத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் எல்லாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தென்றல் எழுதியது:

இந்த விளையாட்டை ஒலிம்பிக் வரும்போது மட்டும் பார்ப்பவள் நான். யார் அதிக தூரம் தாண்டினாரோ அவர்தான் வெற்றியாளர் என்று நினைத்துக்கொண்டு பார்த்தால், சில நேரம் தூரம் குறைந்தவர் மேலே வந்துவிடுகிறார். மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதை யாராவது விளக்கினால், மேற்சொன்ன விவாதமும் எனக்குப் புரியும்.

கணக்கர் எழுதியது:

தென்றல் அவர்களின் கேள்விக்கான விடையிலேயே வெண்பனி அவர்களின் கேள்விக்கும் பாதி விடை இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு குன்றுக்கும் கே புள்ளி என்றொரு குறிக்கோடு உண்டு. அந்தக் கோட்டில் இறங்கினால் தூரத்துக்கு 60 மதிப்பெண். அதைக் கடந்த ஒவ்வொரு மீட்டருக்கும் சிறிய குன்றில் 2 மதிப்பெண்ணும் பெரிய குன்றில் 1.8 மதிப்பெண்ணும் கூடும். குறைந்தால் அதே அளவில் கழியும். இதனோடு ஐந்து நடுவர்கள் பறக்கும் ஒழுங்கையும் இறங்கும் முறையையும் பார்த்து ஆளுக்கு அதிகபட்சம் 20 கொடுப்பார்கள். அவற்றில் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு மூன்றைக் கூட்டுவார்கள். ஆகவே ஒரு தாண்டலுக்கு நடைமதிப்பெண் அதிகபட்சம் 60, இரண்டு தாண்டலுக்கு 120. இறங்கும்போது ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, முழங்கால் மடித்து, கைகளை விரித்து நிற்பதற்கு டெலிமார்க் என்று பெயர். அது இல்லாமல் இரண்டு காலையும் ஒட்டி இறங்கினால் ஒவ்வொரு நடுவரும் கணிசமாகக் குறைத்துவிடுவார். காற்றுக்கும், புறப்படும் இருக்கையின் உயரத்துக்கும் ஈடுகட்டும் மதிப்பெண்கள் பின்னாளில் வந்தவை. நாம் பேசும் நான்கு தங்கங்களிலும் அவை இல்லை.

இப்போது அம்மானுக்கு வருவோம். சால்ட் லேக் சிட்டியின் சிறிய குன்றில் கே புள்ளி 90 மீட்டர். அவர் தாண்டியது 98, 98.5 மீட்டர். தூரத்துக்கு 153 மதிப்பெண், மொத்தம் 269. எனவே நடைக்கு 116. இரண்டாவதாக வந்த ஸ்வென் ஹன்னவால்ட் 267.5. வித்தியாசம் ஒன்றரை மதிப்பெண் மட்டுமே. பெரிய குன்றில் 132.5, 133 மீட்டர்; மொத்தம் 281.4, அதில் நடைக்கு 115.5.

வான்கூவரில், அதாவது விஸ்லர் மலையில், நிலைமை வேறு. சிறிய குன்றில் 105, 108 மீட்டர், மொத்தம் 276.5, நடைக்கு 110.5 மட்டுமே. பெரிய குன்றில் 144, 138 மீட்டர், மொத்தம் 283.6, நடைக்கு வெறும் 106. அதே பெரிய குன்றில் வெள்ளி வென்ற போலந்தின் ஆடம் மாவிஷ் 137, 133.5 மீட்டர் தாண்டி, நடைக்கு 112.5 பெற்று, மொத்தம் 269.4 எடுத்தார். நடையில் ஆறரை மதிப்பெண் இழந்தும், தூரத்தில் 20.7 மதிப்பெண் கூடுதலாகப் பெற்று அம்மான் வென்றிருக்கிறார்.

அம்மானுக்கு இறங்கத் தெரியாது என்ற பேச்சு அடிக்கடி வரும். 2002இல் 116 வாங்கியவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2010இல் அவர் இறங்கிய இடத்தைப் பாருங்கள். விஸ்லரின் பெரிய குன்றில் இறங்குபகுதியின் முடிவாக வகுக்கப்பட்ட அளவு 140 மீட்டர்; சிறியதற்கு 106. இரண்டிலும் தலா ஒருமுறை அவர் அந்த அளவையே தாண்டிப் போயிருக்கிறார். அங்கே சரிவு தட்டையாகத் தொடங்கிவிடுவதால் காலில் வாங்கும் அடி மிகக் கடுமையாக இருக்கும். அழகாக முழங்கால் மடித்து நிற்பது எவருக்கும் கடினம். இறங்குவதில் அவர் இழந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி, பிறரால் எட்ட முடியாத தூரத்துக்கு அவர் கொடுத்த விலை.

எதிர்க்குரல் எழுதியது:

கணக்கர் ஐயாவின் கணக்கு நன்று. ஆனால் அந்தக் கூடுதல் தூரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் தொடவில்லை. 2010இல் அம்மான் பயன்படுத்திய பைண்டிங், அதாவது காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் அமைப்பு, மற்றவர்களிடம் இல்லாதது. குதிகால் பகுதியில் வழக்கமான நேரான இணைப்புக்குப் பதிலாக வளைந்த உலோகத் தண்டு ஒன்றை அவரது அணி பொருத்தியிருந்தது. சிறிய குன்றுப் போட்டி முடிந்ததுமே ஆஸ்திரிய அணி அதைப் பற்றி ஆட்சேபம் எழுப்பியது, முறையீடு செய்வோம் என்றும் எச்சரித்தது. சர்வதேசக் கூட்டமைப்பு அதை அனுமதித்தது உண்மைதான். விதி அனுமதித்தது என்பதும் போட்டி சமமாக இருந்தது என்பதும் வேறு வேறு. 2010இன் இரண்டு தங்கங்களையும் அந்த உலோகத் துண்டுக்கே எழுதிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பொறியாளர் எழுதியது:

எதிர்க்குரல் நண்பரே, அந்தத் துண்டு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தாண்டுபவர் காற்றில் முன்னோக்கிச் சாயும்போது குதிகால் ஸ்கீயை விட்டு மேலெழும். அப்போது ஸ்கீயின் பின்பகுதி தொங்கிவிடாமல் குதிகாலில் உள்ள இணைப்பு இழுத்துப் பிடிக்கும். ஸ்கீகளை ஆங்கில வி எழுத்துப்போல விரித்துப் பறப்பதால், காலின் கோணம் காரணமாக ஒவ்வொரு ஸ்கீயும் உள்விளிம்பை நோக்கிச் சாய்ந்துவிடும். சாய்ந்தால் காற்றை வாங்கும் பரப்பு குறையும். வளைந்த தண்டு அந்தச் சாய்வைத் திருத்தி, ஸ்கீயைக் காற்றுக்கு எதிரே கிட்டத்தட்டத் தட்டையாக வைக்கிறது. பரப்பு கூடினால் தூக்கு விசையும் கூடும். எனவே பயன் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

மறுப்பது இதைத்தான்: அந்தப் பயனை எடுத்துக்கொள்ள, புறப்பாட்டையும் காற்றில் உடலைச் சமநிலைப்படுத்துவதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்கீ தட்டையாக இருந்தால் அதிகம் தூக்கும், ஆனால் சிறு பிழைக்கும் அதிகம் புரட்டும். ஒலிம்பிக் போன்ற களத்தில் அந்தத் துணிவு எல்லாருக்கும் வராது. மேலும், அந்தப் பருவத்தில் ஒலிம்பிக்குக்கு முன்பே உலகக் கோப்பைப் பட்டியலில் முன்னணியில் இருந்தவர் அம்மான்தான். ஒலிம்பிக் முடிந்த பின் மார்ச் மாதம் ஸ்லோவேனியாவின் பிளானிட்சாவில், மாபெரும் குன்றுகளில் நடக்கும் ஸ்கீ பறத்தல் உலகப் பட்டத்தையும் அவரே வென்றார், அந்தப் பருவத்தின் ஒட்டுமொத்தக் கோப்பையையும் அவரே வென்றார். விஸ்லரில் பெரிய குன்றில் அவருக்கும் மாவிஷுக்கும் இடையே இருந்தது 14.2 மதிப்பெண். ஒரு தண்டால் மட்டும் விளையும் வித்தியாசமாக எனக்கு அது தோன்றவில்லை.

இந்த விளையாட்டின் வரலாறே இப்படித்தான் நகர்ந்திருக்கிறது. எண்பதுகளில் ஸ்வீடனின் யான் பொக்லோவ் ஸ்கீகளை விரித்துப் பறந்தபோது நடுவர்கள் நடைமதிப்பெண்ணைக் கொடூரமாக வெட்டினார்கள். அந்தத் தண்டனையையும் தாங்கி அவர் 1988–89 பருவத்தின் உலகக் கோப்பையை வென்றார். 1992க்குள் ஏறத்தாழ எல்லாரும் அவர் வழிக்கு வந்துவிட்டார்கள். ஸ்கீகளை இணையாக வைத்துப் பறந்த தலைமுறையின் அரசனான நிக்கானென் அந்த மாற்றத்தின் விளிம்பில் ஓய்வுபெற்றார். அம்மானின் வளைந்த தண்டும் அதே பாதையில் போனது. சில ஆண்டுகளில் அது எல்லாருடைய காலிலும் இருந்தது. எல்லாரும் பூட்டிக்கொண்ட பின்னரும் அவர் வென்றிருக்கிறார்.

எதிர்க்குரல் எழுதியது:

பொக்லோவ் மாற்றியது தன் உடலின் பறக்கும் முறையை. அம்மான் அணி மாற்றியது ஒரு கருவியை. இரண்டையும் ஒன்றாக்குவதை என்னால் ஏற்க முடியாது. கருவிக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதை 2025 மார்ச் மாதம் ட்ரான்ட்ஹெய்ம் உலகப் போட்டியில் (உலகச் சாம்பியன்ஷிப்பில்) பார்த்தோம். நார்வே அணியினர் தாண்டும் உடையின் தையலில் விதிக்குப் புறம்பாகக் கைவைத்தது வெளிவந்து, வீரர்கள் தகுதியிழந்தார்கள், பயிற்சியாளர்மீது நடவடிக்கை வந்தது.

பொறியாளர் எழுதியது:

ட்ரான்ட்ஹெய்மில் நடந்தது மறைத்துச் செய்த வேலை. சோதனை முடிந்த உடையை இரவில் தைத்து மாற்றுவதும், எல்லார் கண்ணிலும் படும்படி காலில் பூட்டிக்கொண்டு, ஆட்சேபம் வந்தபோது கூட்டமைப்பின் ஆய்வுக்கு உட்பட்டு, அதன் அனுமதியோடு அடுத்த போட்டியிலும் தாண்டுவதும் எப்படி ஒன்றாகும்? இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அம்மானுக்குச் செய்யும் அநீதி.

விஸ்துலா எழுதியது:

இந்த இழையில் இதுவரை வெள்ளி வென்றவராக மட்டும் வந்துபோன ஆடம் மாவிஷைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதாததால் நானே எழுதுகிறேன்.

மாவிஷ் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டத்தை நான்குமுறை வென்றவர்: 2001, 2002, 2003, மீண்டும் 2007. மூன்று பருவங்கள் தொடர்ந்து வென்ற முதல் வீரர் அவர்தான். உலகக் கோப்பை வெற்றிகள் 39. தனிநபர் உலகப் பட்டங்கள் நான்கு. நான்கு குன்றுகள் தொடரை 2001இல் வென்றவர். போலந்தில் அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தெருக்கள் வெறிச்சோடிப்போகும் அளவுக்கு அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள்.

ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தவை மூன்று வெள்ளியும் ஒரு வெண்கலமும். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். 2002இல் சிறிய குன்றில் வெண்கலம், பெரிய குன்றில் வெள்ளி. 2010இல் இரண்டிலும் வெள்ளி. இந்த நான்கு போட்டிகளிலும் தங்கம் வென்றவர் அம்மான். ஒரு மாபெரும் வீரரின் ஒலிம்பிக் வாழ்க்கை முழுவதும் மற்றொருவரின் நிழலில் விழுந்துவிட்டது. அதே இருவர் 2007இல் சப்போரோ உலகப் போட்டியின் சிறிய குன்றில் மோதியபோது, மாவிஷ் இருபதுக்கும் மேற்பட்ட மதிப்பெண் வித்தியாசத்தில் அம்மானை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். அந்தப் போட்டி மார்ச் மாதத்தில் நடந்தது. அது ஒலிம்பிக் ஆண்டு அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே, நான்கு தங்கங்களை வைத்து அம்மானை மாவிஷுக்கு மேலே வைப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒரு கிரிக்கெட் வீரரை உலகக் கோப்பை இறுதிப் போட்டிகளை மட்டும் வைத்து எடைபோட்டுவிட்டு, அவரது டெஸ்ட் ஆட்டங்களைப் புறக்கணிப்பதைப் போன்றது அது.

அல்ப்ஸ்வாசி எழுதியது:

மாவிஷின் பெருமையை இங்கே யாரும் குறைக்கவில்லை, விஸ்துலா அவர்களே. ஆனால் சப்போரோவின் மறுபாதியையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். அதே 2007 உலகப் போட்டியில் பெரிய குன்றில் தங்கம் வென்றவர் அம்மான். பின்லாந்தின் ஹார்ரி ஓல்லியை அவர் வென்றது 0.2 மதிப்பெண்ணில். ஒலிம்பிக்கைத் தவிர வேறெங்கும் வெல்லாதவர் என்ற தோற்றம் தவறு. 2009இல் லிபெரெட்ஸிலும் 2011இல் ஓஸ்லோவிலும் உலகப் போட்டிகளில் வெண்கலம் வென்றிருக்கிறார்.

என்னைக் கேட்டால், 2002க்கும் 2007க்கும் இடைப்பட்ட காலம்தான் அவரது வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய பகுதி. இருபது வயதில் இரண்டு தங்கம் வென்ற பின் சில பருவங்கள் அவர் நடுத்தர வீரராகவே இருந்தார். 2006 டூரின் ஒலிம்பிக்கில் பதக்கத்தின் அருகில்கூட வரவில்லை. அந்த ஆண்டுகளில் விதிகளும் மாறின: 2004 முதல், உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள் குட்டையான ஸ்கீயைத்தான் பயன்படுத்த முடியும் என்ற ஒழுங்கு வந்தது. பட்டினி கிடந்து உடலை இளைக்கும் போக்கைத் தடுக்க வந்த நல்ல விதி அது. ஆனால் மிக இலகுவான உடலோடு வென்று பழகிய பலரும் தங்கள் பறத்தலைப் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி அமைத்துக்கொண்டு திரும்பிவந்து முன்னிலும் பெரிய வித்தியாசத்தில் வென்றவரை, இரண்டு வாரங்களின் வீரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தவிர, 1972இல் ஸ்டைனரிடமிருந்து போலந்து பறித்த பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணை டோகன்பர்க் மக்கள் வட்டியோடு வசூலித்துவிட்டார்கள் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விஸ்துலா அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

விஸ்துலா எழுதியது:

கோபமில்லை. 2014இல் கமில் ஸ்டோக் எங்கள் பக்கத்துக் கணக்கை நேர்செய்துவிட்டார்.

வெண்பனி எழுதியது:

விவாதம் நன்றாகப் போகிறது. நான் முதலில் எழுப்பிய நான்கு குன்றுகள் பற்றிய கேள்விக்கு இன்னும் எவரும் வரவில்லை என்பதால் நானே தேடிப் பார்த்ததை எழுதுகிறேன்.

அந்தத் தொடர் ஓபர்ஸ்ட்டார்ஃப், கார்மிஷ்-பார்டென்கிர்ஹன், இன்ஸ்ப்ரூக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் என்னும் நான்கு ஊர்களில், ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் நடக்கிறது. நான்கு போட்டி, எட்டுத் தாண்டல், எல்லா மதிப்பெண்ணும் ஒரே கணக்கில் சேரும். ஒரு தாண்டல் கெட்டாலும் தொடர் போய்விடும். அம்மான் இரண்டுமுறை இரண்டாமிடம் பெற்றிருக்கிறார்: 2008–09இல் ஆஸ்திரியாவின் வொல்ஃப்காங் லோயிட்ஸலுக்குப் பின்னும், 2010–11இல் தோமஸ் மோர்கென்ஸ்டெர்னுக்குப் பின்னும். 2013–14இல் மூன்றாமிடம். இந்த மூன்று தொடர்களிலும் ஜெர்மனியில் நடக்கும் முதல் இரண்டு போட்டிகளில் ஒன்றை அவர் வென்றிருக்கிறார்: 2008இலும் 2013இலும் ஓபர்ஸ்ட்டார்ஃப், 2011 புத்தாண்டில் கார்மிஷ். எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் போனதும் தொடர் அவர் கையை விட்டு நழுவியது.

இதற்கு நான் காணும் காரணம், கணக்கர் எடுத்துக்காட்டிய அதே நடைமதிப்பெண்தான். ஒலிம்பிக்கில் இரண்டு தாண்டல். ஐந்தாறு மதிப்பெண் நடையில் போனாலும் ஒரே ஒரு மாபெரும் தூரத்தால் ஈடுகட்டலாம். எட்டுத் தாண்டலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மதிப்பெண் சிந்திக்கொண்டே போனால், சுத்தமாக இறங்கும் ஒருவர் தூரத்தில் சற்றுக் குறைந்தாலும் மேலே போய்விடுவார். லோயிட்ஸல் அப்படிப்பட்டவர், 2009 தொடரில் பிஷோஃப்ஸ்ஹோஃபனில் ஐந்து நடுவர்களிடமும் முழு 20 வாங்கித் தாண்டியவர். அம்மானின் பலம் இருப்பதும் குறை இருப்பதும் ஒரே இடத்தில்தான் என்று இதனால் நினைக்கிறேன்: காற்றில் கடைசி நொடிவரை பறத்தலை நீட்டிக்கொண்டே போவார், அதனால் இறங்க ஆயத்தமாகும் நேரம் அவருக்குக் குறைந்துவிடும்.

கணக்கர் எழுதியது:

வெண்பனி அவர்களின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: அம்மானுக்குப் பின்னால் பெரிய அணி இல்லை. ஆஸ்திரியாவுக்கு அந்த ஆண்டுகளில் வெற்றிபெறக்கூடிய ஐந்தாறு வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் பயிற்சியில் கண்டறிந்த நுட்பம் மறுநாள் மற்றவர்களுக்கும் போய்ச் சேரும். சுவிட்சர்லாந்தில் அம்மானும், 2009இல் லிபெரெட்ஸின் பெரிய குன்றில் உலகப் பட்டம் வென்ற அன்ட்ரெயாஸ் கியூட்டெலும்தான் உயர்மட்டத்தில் இருந்தார்கள். ஒலிம்பிக்கில் அணிப் போட்டியில் அம்மானுக்குப் பதக்கமே இல்லை. நிக்கானெனின் 1988 மூன்று தங்கங்களில் ஒன்று அணிக்கானது என்பதையும் ஒப்பிடும்போது நினைவில் வைக்க வேண்டும்.

தென்றல் எழுதியது:

இப்போது நன்றாகப் புரிகிறது, நன்றி. எனக்கு இன்னொரு சந்தேகம். 2010இல் எல்லாவற்றையும் வென்ற பின் அவர் ஏன் நிறுத்தவில்லை? 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் அவர் பெயரைப் பார்த்தேனே?

அல்ப்ஸ்வாசி எழுதியது:

பார்த்தது சரிதான், தங்கச்சி. 1998 முதல் 2022 வரை ஏழு ஒலிம்பிக்கில் தாண்டியிருக்கிறார். 2014 சோச்சியில் தொடக்க விழாவில் சுவிஸ் கொடியை ஏந்தியவரும் அவர்தான். 2014 நவம்பரில் பின்லாந்தின் ரூக்காவில், ஜப்பானின் நொரியாகி கசாயும் இவரும் அச்சுப் பிசகாமல் ஒரே மதிப்பெண் பெற்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது இவருக்கு 33 வயது, கசாய்க்கு 42. அன்று இந்த இருவரையும் பார்த்தவர்கள் வயதைப் பற்றிய பேச்சையே விட்டிருப்பார்கள்.

ஆனால் அதே பருவத்தின் நான்கு குன்றுகள் தொடரில் நிலைமை தலைகீழானது. முதலில் ஓபர்ஸ்ட்டார்ஃபில் விழுந்தார். பின் 2015 ஜனவரி 6 அன்று பிஷோஃப்ஸ்ஹோஃபனில், வெகுதூரம் பறந்து இறங்கிய பின் முகங்குப்புற விழுந்து, தலை அதிர்ச்சியும் முகத்தில் காயங்களுமாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அதற்குப் பிறகு அவர் உலகக் கோப்பைப் போட்டி எதையும் வெல்லவில்லை. இறங்கும்போது ஒரு நொடியின் சிறு பகுதி தயங்கினாலும் டெலிமார்க் அமையாது. முன்பு தூரத்தால் ஈடுகட்டியவருக்கு இப்போது தூரமும் குறைந்துவிட்டது. புதிய காலணிகள், புதிய பொருள்கள் என்று அவர் ஏதாவது சோதித்துக்கொண்டே இருந்தார். சிலர் அதைப் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2010இல் தங்கம் கொண்டுவந்ததும் அதே சோதிக்கும் பழக்கம்தானே.

எதிர்க்குரல் எழுதியது:

பிடிவாதம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் மரியாதைக்குரிய பிடிவாதம். இளைஞர்களுக்கு இடம் விடவில்லை என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சுவிஸ் அணியில் அவருடைய இடத்தைப் பறிக்கும் அளவுக்குத் தாண்டியவர்கள் இருந்திருந்தால் தேர்வாளர்கள் எடுத்திருப்பார்கள். பைண்டிங் பற்றிய என் கருத்து மாறவில்லை. 2002இன் இரண்டு தங்கங்களுக்கு என் முழு மரியாதை, 2010க்கு முக்கால்வாசி.

கணக்கர் எழுதியது:

முக்கால்வாசி மரியாதையை எந்தக் குன்றின் கே புள்ளியிலிருந்து அளந்தீர்கள் என்று தெரியவில்லை. போகட்டும்.

வெண்பனி அவர்களின் தலைப்புக் கேள்விக்கு என் விடை இது. பருவத்தையும் தொடரையும் பெருநாளையும் சேர்த்து ஒருவரைத் தேடினால் இருவர்தான் நிற்கிறார்கள். ஒருவர் நிக்கானென்: நான்கு ஒட்டுமொத்த உலகக் கோப்பை, இரண்டு நான்கு குன்றுகள் தொடர், மூன்று தனிநபர் ஒலிம்பிக் தங்கம், 46 வெற்றிகள். மற்றவர் ஸ்டோக்: இரண்டு ஒட்டுமொத்தக் கோப்பை, மூன்று நான்கு குன்றுகள் தொடர், அவற்றில் 2017–18இல் நான்கு போட்டிகளையும் வென்றது, மூன்று தனிநபர் ஒலிம்பிக் தங்கம், 39 வெற்றிகள். அவர்களுக்கு அடுத்த வரிசையில் மாவிஷும் அம்மானும் அருகருகே. அந்த இருவருக்குள் யார் முன் என்று கேட்டால், பருவங்களுக்காக நான் மாவிஷை ஒரு நூலளவு முன்னே வைப்பேன்.

அல்ப்ஸ்வாசி எழுதியது:

நான் அம்மானை அதே நூலளவு முன்னே வைப்பேன். மாவிஷ் உச்சத்தில் இருந்த 2002இலேயே இருபது வயதில் அவரைப் பெரிய குன்றில் 11.7 மதிப்பெண் வித்தியாசத்தில் வென்றவர், எட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு பறக்கும் முறையோடு வந்து மீண்டும் வென்றிருக்கிறார். பருவத்தின் கோப்பை ஒரே முறையைச் செம்மையாகத் திரும்பத் திரும்பச் செய்பவருக்குப் போகும். அம்மான் தன் முறையையே மாற்றிக்கொண்டு வந்தவர், அதற்காக இடைப்பட்ட பருவங்களை இழந்தவர்.

விஸ்துலா எழுதியது:

கணக்கர் ஐயாவின் வரிசைக்கு என் ஒப்புதல். அல்ப்ஸ்வாசியின் வரிசைக்கு மறுப்பு. மாவிஷின் 2003 பிரெடாட்ஸோ இரட்டை உலகப் பட்டம் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குகிறேன். அங்கே வாருங்கள், சிறிய குன்றில் அவர் தாண்டிய தூரத்தையும் நடைமதிப்பெண்ணையும் இதேபோல் பிரித்துப் பார்ப்போம்.